பூம்புகார் முதல் கோடிக்கரை வரை: மூன்று நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கோவைவாசி:

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறைக் கூட்டம் கலைந்த பிறகு, தை மாதத்தின் முதல் பாதியிலேயே, காவிரிப் படுகையின் கடற்கரைப் பகுதியைக் குடும்பத்துடன் பார்த்து வரலாம் என்று எண்ணியிருக்கிறோம். பூம்புகாரில் தொடங்கி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாகக் கோடிக்கரையில் முடிப்பது திட்டம். என் மனைவியும், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளும், பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற என் தந்தையும் உடன் வருகிறார்கள். தந்தைக்கு முழங்கால் வலி உண்டு. படி ஏறுவார், ஆனால் நின்று நின்றுதான் ஏறுவார்.

முழுதாகக் கையில் இருப்பவை மூன்று நாள்கள். போய் வந்தவர்களிடம் விசாரித்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள். பூம்புகாரில் ஒன்றுமே இல்லை, வீண் அலைச்சல் என்று ஒருவரும், தரங்கம்பாடியை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று இன்னொருவரும் சொன்னார்கள். நாகப்பட்டினத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் வேளாங்கண்ணியையும் நாகூரையும்தான் சொல்கிறார்களே தவிர, அந்த ஊரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் தந்தையோ, பூம்புகாரையும் நாகப்பட்டினத்தையும் விட்டுவிட்டு அந்தக் கரைக்குப் போவதில் பொருளே இல்லை என்கிறார்.

எந்த வரிசையில் போவது, எங்கே நேரத்தைச் செலவிடுவது, எங்கே தங்குவது, கோடிக்கரை வரை இழுப்பது சரியா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கோவையிலிருந்து ரயிலில் வந்து, அங்கே வாடகைக் கார் எடுத்துக்கொள்வதாக இருக்கிறோம்.

கரைவழிப் பயணி:

வணக்கம் ஐயா. முதலில் பூம்புகாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒன்றுமே இல்லை என்று உங்களிடம் சொன்னவர் கடற்கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார். கடற்கரையில் உண்மையிலேயே பழமையான எதுவும் இல்லை. அங்கே இருக்கும் ஏழுநிலை மாடச் சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1970களில் எழுப்பப்பட்டது. கோவலன் கண்ணகி கதையைச் சிற்பத் தொகுதிகளாகச் செதுக்கியிருக்கிறார்கள், பாடத்தில் படித்த உங்கள் மகளுக்கு அது பிடிக்கும். ஆனால் பழைய பட்டினத்தின் தடயம் கரையில் இல்லை, சற்று உள்ளே இருக்கிறது. கீழையூரில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், படகுகளைக் கட்டுவதற்கான மரத்தூண்களுடன் கூடிய செங்கல் படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. அந்த மரத்தைக் கரிமக் கணிப்புக்கு (அதிலுள்ள கரிமத்தைக் கொண்டு வயதறியும் முறை) உட்படுத்தியபோது கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டிய காலம் கிடைத்தது. மேலையூர்ப் பக்கத்தில், பல்லவனீச்சரம் கோயிலுக்கு அருகே, பௌத்த விகாரை ஒன்றின் செங்கல் அடித்தளம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. முட்டளவு உயரச் செங்கல் சுவர்கள்தான் அவை, ஆனால் கடல்வழியே வந்த குதிரைகளையும் மிளகு மூட்டைகளையும் பட்டினப்பாலையில் படித்தவர்களுக்கு அந்தச் சுவர்களே போதும். உங்கள் தந்தை அங்கே நிற்க விரும்புவதன் காரணம் எனக்குப் புரிகிறது.

காவிரி கடலில் கலக்கும் இடத்தையும் பாருங்கள். அகண்ட காவிரியைத் திருச்சிக்கு அருகே முக்கொம்பில் பார்த்தவர்களால் இதுதான் அந்த ஆறு என்று நம்ப முடியாத அளவுக்கு, அது இங்கே குறுகி வந்து சேர்கிறது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடுவார்கள், அதற்கு முன் போனால் ஆற்றில் நீரோட்டம் இருக்க வாய்ப்பு அதிகம். தை அமாவாசை அன்று மட்டும் போகாதீர்கள். நீராடவும் தர்ப்பணம் செய்யவும் வரும் கூட்டத்தில் உங்கள் தந்தையால் நடக்க முடியாது.

பூம்புகாருக்கு அரை நாள் போதும். சீர்காழியிலிருந்து திருவெண்காடு வழியாக வந்தால், போகிற வழியிலேயே அந்தக் கோயிலையும் பார்த்துவிடலாம். ஆனால் திருவெண்காட்டின் பெருமையாகப் பேசப்படும் செப்புத் திருமேனிகள் இப்போது அங்கே இல்லை. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த, காளை மேல் சாய்ந்து நிற்கும் சிவனான ரிஷபவாகன தேவரும், அடுத்த ஆண்டில் செய்யப்பட்ட தேவியும் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறார்கள். காளை இல்லாமல், அதன் மேல் சாய்ந்த நிலையில் கை மட்டும் மடங்கி நிற்கும் அந்த உருவத்தின் தலைப்பாகைச் சுற்றைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். நீங்கள் கோவையிலிருந்து மயிலாடுதுறைக்கு வரும் வழியில்தான் தஞ்சாவூர் இருக்கிறது. ஒரு நாள் முன்னதாகக் கிளம்பித் தஞ்சையில் இறங்கி, அதைப் பார்த்துவிட்டு மேலே வந்தால், அடுத்த மூன்று நாளும் வேறு விதமாக இருக்கும்.

இனி தரங்கம்பாடி. ஒரு மணி நேரத்தில் முடிப்பவர்கள் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள். இந்தக் கரையிலேயே ஊராகவே எஞ்சி நிற்பது இது ஒன்றுதான், எனவே இங்கே ஓர் இரவு தங்குங்கள் என்பதே என் பரிந்துரை. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620இல் டேனியர்களுக்கு இந்த இடத்தை வழங்கினார், அவர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஓலையில் எழுதிய கடிதம் கோபன்ஹேகனில் இன்றும் இருக்கிறது. அதே ஆண்டில் ஓவே கெத்தே என்ற தளபதியின் மேற்பார்வையில் டான்ஸ்போர்க் கோட்டை தொடங்கப்பட்டது. கீழ்த்தளம் வளைவுக் கூரை கொண்ட கிடங்குகளும் சிறையும், மேல்தளம் குடியிருப்பு. படிகள் உண்டு, ஆனால் கீழ்த்தளமும் முற்றமும் மட்டுமே பார்த்தாலும் உங்கள் தந்தைக்குக் குறை இராது. உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்தை மாநிலத் தொல்லியல் துறை நடத்துகிறது. தமிழ்நாட்டில் அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது பொது வழக்கம் என்பதால், தரங்கம்பாடி நாளை வெள்ளிக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

கோட்டையை விட்டு ராஜ வீதியில் நடங்கள். பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கும் பழைய நகர வாயில் 1792இல் திருப்பிக் கட்டப்பட்டது. அதன் வழியாக உள்ளே நுழைந்தால் ஒருபுறம் 1701இல் கட்டப்பட்ட சீயோன் தேவாலயம், எதிர்ப்புறம் 1718இல் முடிந்த புதிய எருசலேம் தேவாலயம். பின்னதன் முகப்பில், கிரீடத்துக்குக் கீழே டென்மார்க் மன்னரின் பெயரெழுத்துச் சின்னம் சுதையில் பொறிக்கப்பட்டிருப்பதைத் தலை நிமிர்ந்து பார்க்க வேண்டும், பலர் கவனிக்காமல் உள்ளே போய்விடுகிறார்கள். உள்ளே பலிபீடத்துக்கு முன்பாக, ஜெர்மானியச் சமயப் பரப்பாளர் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1706 ஜூலையில் இங்கே வந்து இறங்கி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர், 1719இல் முப்பத்தாறு வயதில் இறந்தார். அதற்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்திருந்தார். ஐரோப்பாவில் வார்த்து அனுப்பிய எழுத்துகள் அளவில் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கின என்பதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். காகிதம் போதாமல் பொறையாறு பக்கத்தில் காகிதப் பட்டறையே தொடங்கினார்கள். உங்கள் தந்தை மகளுக்குச் சொல்லத்தக்க கதை அது.

கடற்கரையில் மாசிலாமணிநாதர் கோயிலை விட்டுவிடாதீர்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, எஞ்சியதைக் காப்பாற்றக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். டேனியர் வருவதற்கு முன்பே இது ஒரு துறைமுகம் என்பதற்கு அந்தக் கோயிலே சாட்சி. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போனால் நன்றாக இருக்கும்.

இந்த ஊர் ஏன் இப்படியே இருக்கிறது என்றும் கேட்கலாம். 1845இல் டேனியர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். பிறகு 1861இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும், சரக்கு முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது. வணிகம் கைவிட்ட ஊரில் எவரும் எதையும் இடித்துப் புதிதாகக் கட்டவில்லை, அதனால்தான் நம் கண்ணுக்குக் கிடைக்கிறது.

தங்குவதற்குத் தரங்கம்பாடியிலேயே பழைய மாளிகைகளில் விடுதிகள் உண்டு, கட்டணம் கூடுதல். செலவைக் குறைக்க வேண்டுமானால் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருக்கடையூரில் ஏராளமான விடுதிகள் இருக்கின்றன. ஆனால் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று அங்கே முகூர்த்த நாள்களில் அறை கிடைக்காது, எனவே முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

நாகப்பட்டினத்துக்கு அரை நாள் போதும், நாகூர் தர்காவோடு சேர்த்தே.

நாகைக்காரி:

மேலே எழுதிய நண்பர் தரங்கம்பாடியைப் பற்றிச் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன். கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வணிகம் கைவிட்டதால் ஓர் ஊர் எஞ்சியது என்றால், வணிகம் கைவிடாத ஊரில் எதுவும் எஞ்சவில்லை என்பதும் அதன் மறுபக்கம்தானே? நாகப்பட்டினம் அப்படிப்பட்ட ஊர். கட்டடமாகப் பார்த்தால் ஏமாற்றம்தான், ஆனால் வரலாறாகப் பார்த்தால் தரங்கம்பாடியைப் போலப் பல மடங்கு கனமானது.

முதலாம் இராசராசன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு (சுமத்ராவை மையமாகக் கொண்ட அரசு) மன்னன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் இங்கே தன் தந்தை பெயரால் சூடாமணி விகாரையை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைச் சோழ மன்னன் விட்டுக்கொடுத்தான். சைவ மன்னன் ஒருவன் அயல்நாட்டான் கட்டிய பௌத்த விகாரைக்கு நிலம் கொடுத்த செய்தியைச் சொல்லும் அந்த 21 செப்பேடுகள், டச்சுக்காரர்கள் வழியாக ஹாலந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த தலைமுறையிலேயே, 1025இல், இராசேந்திரனின் கப்பற்படை அதே ஸ்ரீவிஜயத்தின் மீது பாய்ந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் உங்கள் மகள் கட்டாயம் கேள்வி கேட்பாள். கேட்கட்டும். தாத்தா வரலாற்று ஆசிரியர் அல்லவா?

விகாரைகளைச் சேர்ந்தது என்று கருதப்படும் செங்கல் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இங்கே நின்றிருந்தது. கப்பலோட்டிகள் கரையை அடையாளம் காண அதையே நோக்கினார்கள். 1846இல் ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட் பார்த்து வரைந்து வைத்த அதை, 1867இல் இடித்துவிட்டார்கள். நாகையில் பல இடங்களில் மண்ணுக்கு அடியிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனவே நாகையில் வந்து புத்தரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

ஆனால் காயாரோகணசுவாமி கோயிலுக்குக் கட்டாயம் போங்கள். நீலாயதாட்சி அம்மன் சன்னதிக்குத்தான் மக்கள் வருகிறார்கள். அந்தக் கோயில் கல்வெட்டுகளில், ஸ்ரீவிஜய மன்னனின் ஆட்கள் இறைவனுக்கு நகைகளும், சீனக் கனகமும் (சீனப் பொன்) அளித்த செய்திகள் இருக்கின்றன. பௌத்த விகாரை கட்டியவர்கள் சிவன் கோயிலுக்கும் கொடுத்திருக்கிறார்கள். கோயில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், நான்கு மணிக்கு மேல்தான் மீண்டும் திறப்பார்கள். மதியம் வந்து மூடிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்களே அதிகம்.

டச்சுக்காரர்கள் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து இந்த ஊரைக் கைப்பற்றி, 1690இல் பழவேற்காட்டிலிருந்த தங்கள் சோழமண்டலத் தலைமையிடத்தை இங்கே மாற்றினார்கள். 1781இல் ஆங்கிலேயர் பிடிக்கும் வரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இது அவர்களுடைய தலைநகரம். இன்று அதற்குச் சான்றாக நிற்பவை 1774ஆம் ஆண்டின் தேவாலயமும், கல்லறைத் தோட்டமும்தான். கோட்டை இருந்த சுவடே கண்ணுக்குத் தெரியாது.

நாகூரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தர்காதானே என்று அரை மணி நேரம் ஒதுக்க வேண்டாம். ஐந்து மினாராக்களில் உயரமான 131 அடிப் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். இங்கிருந்து கப்பலேறிப் போன தமிழ் முஸ்லிம் வணிகர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூரில் அடங்கியுள்ள ஞானி ஷாகுல் ஹமீது ஆண்டவர் நினைவாகத் தர்காக்களை எழுப்பினார்கள். சிங்கப்பூரில் இருப்பது 1828 முதல் 1830 வரை கட்டப்பட்டது. விகாரை கட்டக் கடல் கடந்து வந்தவர்களும், தர்கா கட்டக் கடல் கடந்து போனவர்களும் பயன்படுத்தியது இதே கடல்வழிதான். தலையை மூடிக்கொள்ள உங்கள் மனைவியும் மகளும் துப்பட்டா எடுத்துக்கொள்வது நல்லது, ஆண்கள் கைக்குட்டை கட்டிக்கொள்ளலாம். மாலை வெளிச்சத்தில் மினாராக்களைத் தர்காக் குளத்தின் கரையிலிருந்து பாருங்கள்.

ஆகவே இரண்டாம் நாள் முழுவதையும் நாகூருக்கும் நாகைக்கும் கொடுங்கள். காரைக்காலில் அம்மையார் கோயிலை மட்டும் வழியில் பார்க்கலாம். மாங்கனித் திருவிழா ஆனி மாதத்தில் என்பதால், தையில் அங்கே கூட்டமும் இராது, விசேடமும் இராது.

கோவைவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. தஞ்சாவூரில் ஒரு நாள் முன்னதாக இறங்குவது என்று முடிவு செய்துவிட்டோம், தந்தைக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. இனி எஞ்சியிருப்பது மூன்றாம் நாள். வேதாரண்யமும் கோடிக்கரையும் பார்த்துவிட்டு அன்றிரவே ஊர் திரும்ப முடியுமா, அல்லது அதை விட்டுவிட்டு வேளாங்கண்ணியோடு நிறுத்திக்கொள்வதா? மகளுக்குப் பூநாரைகளைப் பார்க்க வேண்டுமாம்.

உப்பளத்தான்:

வணக்கம். வேதாரண்யம் பக்கம் வாழ்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். முடியும். இரண்டாம் நாள் இரவு நாகையில் தங்கி, விடியற்காலையில் புறப்பட்டால் போதும். நாகையிலிருந்து வேதாரண்யம் சுமார் 50 கிலோமீட்டர், அங்கிருந்து கோடிக்கரை இன்னும் பத்துக் கிலோமீட்டர் சொச்சம். வேளாங்கண்ணி வழியிலேயே இருக்கிறது. செப்டம்பர் திருவிழாக் காலமல்லாத நாளில் பேராலயத்தில் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகலாம், அதற்காக ஒரு நாளை ஒதுக்க வேண்டியதில்லை.

முதலில் நேராகக் கோடிக்கரைக்குப் போங்கள், வேதாரண்யத்தைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். சரணாலயத்தில் வெளிமான்கள் காலையிலும் மாலையிலும்தான் வெட்டவெளிக்கு வரும். மட்டக்குதிரைகளும் தென்படும். பூநாரைகள் கார்த்திகை முதல் மாசி வரை சதுப்பு நீர்நிலைகளில் இருக்கும், ஆனால் நீரின் அளவைப் பொறுத்து இடம் மாறிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு எங்கே நிற்கின்றன என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு உள்ளே போவதே சரி. தொலைநோக்கி இருந்தால் எடுத்து வாருங்கள். வெறும் கண்ணுக்கு அவை தண்ணீருக்கு மேல் ஒரு வெளிர்சிவப்புக் கோடாக மட்டுமே தெரியும், மகளுக்கு ஏமாற்றமாகிவிடும். சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கம் கடலோரத்தில் இருந்தது, 2004 ஆழிப்பேரலையில் அது சிதைந்து இன்று கற்குவியலாகக் கிடக்கிறது. மணலில் நடக்க வேண்டியிருக்கும் என்பதால், தந்தையை அங்கே அழைத்துப் போவதை நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். காட்டுக்குள் இராமர் பாதம் இருக்கும் மேட்டிற்கு வண்டியில் போகலாம்.

திரும்பும் வழியில் அகத்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கிய தொண்டர்கள் 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள், 30ஆம் தேதி உப்பு அள்ளினார்கள். அன்றே ராஜாஜி கைதானார். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தார். எனவே ஊர் மக்கள் வெளிப்படையாகக் கொடுக்காமல், உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் இன்றும் பெரியவர்கள் அதைச் சொல்வார்கள். தூணைச் சுற்றிப் பார்க்க அதிகம் எதுவும் இல்லை, ஆனால் சாலையின் இரு பக்கமும் உப்பளங்கள் இருக்கின்றன. தை மாதத்தில் பாத்திகளைச் செம்மைப்படுத்திக்கொண்டிருப்பார்கள், உப்பு வாருவது வெயில் ஏறிய பிறகுதான்.

வேதாரண்யேசுவரர் கோயிலை நண்பகலுக்கு முன் பிடித்துவிடுங்கள். அப்பர் பாடித் திறந்து, சம்பந்தர் பாடி அடைத்த கதவின் கதை உங்கள் தந்தைக்குத் தெரிந்திருக்கும், மகளிடம் அங்கேயே சொல்லச் சொல்லுங்கள்.

திரும்புவதற்குத் தஞ்சாவூர் வரை போக வேண்டாம். வேதாரண்யத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வழியாக மன்னார்குடிக்குப் போனால், அங்கிருந்து இரவில் கோவைக்குச் செம்மொழி விரைவு வண்டி இருக்கிறது. நேரத்தை ரயில்வே செயலியில் சரிபார்த்துக்கொண்டு, இருக்கைகளை இப்போதே பதிவு செய்யுங்கள். தந்தைக்குக் கீழ்ப் படுக்கை கிடைக்க மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டைக் குறிப்பிட மறவாதீர்கள். மாலையில் நேரம் மிஞ்சினால் மன்னார்குடி இராஜகோபாலசுவாமி கோயிலும் அதன் தெப்பக்குளமும் இருக்கின்றன.

கரைவழிப் பயணி:

நாகை குறித்து நாகைக்காரி அம்மையார் சொன்னது சரி, முழு நாள் கொடுங்கள். அதற்கேற்ப வரிசையைச் சற்று மாற்றித் தருகிறேன். தஞ்சையில் கலைக்கூடத்தைப் பார்த்த அன்றே மயிலாடுதுறை வந்து தங்கிவிட்டு, முதல் நாள் காலை திருவெண்காடு, பூம்புகார், மாலையில் தரங்கம்பாடி, இரவு அங்கேயே. இரண்டாம் நாள் விடிந்ததும் மாசிலாமணிநாதர் கோயிலும் ராஜ வீதியும், கோட்டை திறந்ததும் உள்ளே ஒரு சுற்று. பத்தரை மணிக்குக் கிளம்பினால் காரைக்கால் வழியாக நாகைக்கு வந்து மதிய உணவு, டச்சுத் தேவாலயம், கல்லறைத் தோட்டம், நான்கு மணிக்குக் காயாரோகணம், இருட்டுவதற்குள் நாகூர், திரும்பி நாகையில் இரவு. மூன்றாம் நாளை உப்பளத்தான் சொன்னபடி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் ஞாயிறாக இருந்தால் மட்டும் தேவாலயங்களில் காலை ஆராதனை நடக்கும், முடிந்த பிறகு உள்ளே போய்ப் பார்க்கலாம். மற்ற நாள்களில் கதவு பூட்டியிருந்தால் பக்கத்தில் விசாரியுங்கள், பொறுப்பாளர் வந்து திறந்துவிடுவார்.